கைக்குத் தெரியும், கண்ணாடிக்குத் தெரியாது

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியை அம்மா என்னைப் பேச அழைத்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அம்மா, நான் லோரி ஓட்டியவன். இந்தப் பள்ளியிலே ஆறாம் வகுப்போடு நின்னுபோனவன். நான் என்னத்தப் பேசுறது?" என்றேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள் ஐயா, அது போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். ஆகவே இன்று வண்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முக்கியமாக, இந்தக் காலத்துக் காருக்குள்ளே தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஒரு கண்ணாடியை வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி.

1971-ல் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. என் சித்தப்பா அங்கே ஓட்டுநர். அவருக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. சம்பள நாளில் கைநாட்டுத்தான் வைப்பார். (லைசென்ஸ் எப்படி எடுத்தார் என்று என்னைக் கேட்காதீர்கள், அது வேறு கதை.) ஆனால் துரையின் லேண்ட் ரோவரை அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! அந்த வண்டிக்குள் மூன்று தண்டுகள் இருக்கும். பெரிய தண்டு கியருக்கு. மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். சேற்றில் இறங்கும்போது சித்தப்பாவின் கண் சேற்றின் மேல்தான் இருக்கும். கை தானாகப் போகும். "டே தம்பி, கண்ணு ரோட்டுக்கு, கை வண்டிக்கு" என்பார். எனக்கு வண்டியோட்டச் சொல்லிக் கொடுத்த நாட்களில் ஒரு துணியால் என் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, "விளக்கு எங்கே? வைப்பர் எங்கே? ஹார்ன் எங்கே?" என்று கேட்பார். தப்பாகத் தொட்டால் தலையில் ஒரு குட்டு. அப்படித்தான் நான் படித்தேன். பிறகு முப்பத்தோரு வருடம் தோட்டத்து லோரியும் டிரெக்டரும் ஓட்டினேன். ஓர் உயிருக்கும் சேதமில்லை. அது என் திறமை என்று நான் சொல்லவில்லை, அந்தக் குட்டு என்றுதான் சொல்வேன்.

இப்போது சென்ற ஆண்டு நவம்பர் மாதத்துக்கு வருகிறேன். மழைக்காலம். என் பழைய கார் பட்டறையில் கிடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் வாங்கிய புதுக் கார் வீட்டில் நின்றது. எந்த நிறுவனத்துக் கார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொல்லி மற்றவற்றை விட்டால் நியாயமில்லை, எல்லாம் இப்போது ஒரே மாதிரித்தான். இரவு ஒன்பதரை மணி. என் மனைவிக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விட முடியவில்லை. மருந்தை உறிஞ்சினாள், கேட்கவில்லை. தூக்கி உட்கார வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன்.

தோட்டத்துச் சாலை வழியாகப் போனால் எட்டு மைல் மிச்சம். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செம்பனை, ஓரத்தில் காண், விளக்கு கிடையாது. மழை கொட்டுகிறது. நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். வெளியே மழை பட்டுக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. உள்ளே ஈரத் துணி, மூச்சுக் காற்று. இரண்டு நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் பாலாடை போட்டது போல் மூடிக்கொண்டது. இது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏர்கோனைப் போட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். என் பழைய காரில் மூன்று வட்டக் குமிழ்கள் இருக்கின்றன. வலப்பக்கக் குமிழைக் கடைசிவரை திருகினால் முடிந்தது. எத்தனையோ முறை பார்க்காமலே செய்திருக்கிறேன்.

இந்தக் காரில் குமிழ் இல்லை. எல்லாம் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள். தொட்டேன். பாட்டு வந்தது. இன்னோர் இடத்தைத் தொட்டேன். வரைபடம் வந்தது. விரல் ஈரம், வண்டி குழியில் குலுங்குகிறது, ஒன்றைத் தொடப் போனால் பக்கத்தில் இருப்பதில் விரல் படுகிறது. மகன் என் கைத்தொலைபேசியைக் காரோடு இணைத்து வைத்திருக்கிறான். எதையோ தொடப்போய் எங்கள் கோயில் பொருளாளருக்கு அழைப்புப் போய்விட்டது. "அண்ணே, இந்நேரத்துல என்னா விசயம்?" என்று காருக்குள்ளே அவர் குரல் கணீரென்று கேட்கிறது. பக்கத்தில் இவள், "ஏங்க... ஒண்ணுமே தெரியலையே..." என்று இழுத்துக்கொண்டே சொல்கிறாள். கீழ் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் படங்கள். மூன்று புழு நெளிவது போல் ஒரு படம். அதை அமுக்கினேன். அது பின்கண்ணாடிக்காம்! முன்கண்ணாடிக்கும் அதே புழுதான். ஒன்று நீள்சதுரத்துக்குள், மற்றது விசிறி போல வளைந்த கட்டத்துக்குள். அதைக் கண்டுபிடித்த விநாடியில் தலையை நிமிர்த்துகிறேன், எதிரே ஒரு சிவப்பு விளக்கு!

மோட்டார் சைக்கிள். முன்னால் ஓர் ஆள், பின்னால் மழைக்கோட்டுக்குள் ஒரு பிள்ளை.

பிரேக்கை மிதித்த மிதியில் கால் எலும்பு வலித்தது. ஸ்டீரிங்கை ஒடித்தேன். வண்டி சறுக்காமல், திரும்பவும் செய்து, காணுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அவர்களுக்கும் எனக்கும் நடுவே இந்த மேடையின் அகலம்கூட இருந்திருக்காது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போய்விட்டார். நான் என் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். என் மனைவி தன் முந்தானையால் அவள் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்படித்தான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாளில் அவளுக்குச் சரியாகிவிட்டது. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மோட்டார் சைக்கிள்காரர் யார் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஆலையில் வேலை செய்பவர். துணைப்பாட வகுப்பு முடிந்து மகளை ஏற்றிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டுத் தாமதமாக வீடு திரும்பியிருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேடைக்கு வந்து பரிசும் வாங்கப் போகிறது.

என் பிழையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி மறைத்த உடனே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் காரை ஒரு பகல் பொழுதில் நிறுத்தி வைத்து, எது எங்கே இருக்கிறது என்று படித்திருக்க வேண்டும். சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் குட்டியிருப்பார். ஆனால் அதன் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தக் காரை யாராலும் படிக்க முடியாது. வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு என்ன தெரியும்? மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, "டக்" என்ற ஓசை கிடையாது. ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு எத்தனை மீட்டர்? 11 மீட்டர். இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் 22 மீட்டர் குருட்டு ஓட்டம். நெடுஞ்சாலையில் 110-ல் போனால் அதே இரண்டு விநாடியில் 61 மீட்டர். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் கார் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு தடவை பார்ப்பது இரண்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் பன்னிரண்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் எத்தனை விநாடி பார்த்தேனோ, எனக்கே தெரியாது.

இது கிழவனுடைய புலம்பல் என்று இளைஞர்கள் நினைக்கலாம். என் மகனும் அப்படித்தான் சொன்னான். "மூணே மூணு டச் தான் அப்பா, நீங்க பழகல" என்றான். அவனே பிறகு இணையத்தில் தேடி எனக்கு ஒன்றைக் காட்டினான். 2022-ல் சுவீடன் நாட்டில் ஒரு மோட்டார்ப் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. பதினொரு புதுக் கார்கள், அவற்றோடு 2005-ல் செய்த ஒரு பழைய வோல்வோ. ஓட்டுபவர்களுக்கு முன்கூட்டியே பழக நேரம் கொடுத்திருக்கிறார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே நான்கு சின்ன வேலைகளைச் செய்ய வேண்டும். சூட்டைக் கூட்டுவது, வானொலியில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது போன்ற வேலைகள்தான். பொத்தான் வைத்த பழைய வண்டியில் பத்து விநாடியில் முடிந்தது. அதற்குள் 306 மீட்டர் தூரம் ஓடியிருந்தது. ஆக மோசமான புதுக் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி, அதாவது 1,372 மீட்டர்! பழகியவர்களுக்கே இந்தக் கதி. மகன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஜெர்மனியில் ஒருவர் மழையில் போகும்போது வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப்போய், சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதினார். 2020-ல் கார்ல்ஸ்ரூ நகரத்து மேல் நீதிமன்றம், காரோடு வந்த திரையானாலும் அதுவும் ஒரு மின்னணுக் கருவிதான் என்று சொல்லி, 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டியோட்டத் தடையும் சரிதான் என்று தீர்த்தது. ஓட்டியவனுக்குத் தண்டனை. வைப்பரைத் திரைக்குள் கொண்டு போய் வைத்தவனுக்கு? ஒன்றுமில்லை. எனக்கு இதில் மனம் ஆறவில்லை.

நம் ஊருக்கு அருகே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2017 ஆகஸ்டு 21-ஆம் நாள் விடியுமுன், ஜொகூருக்குக் கிழக்கே, சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் இடத்தில், யு.எஸ்.எஸ். ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் அல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. போர்க்கப்பலின் மாலுமிகள் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் சுக்கானும் வேகமும் தொடுதிரையில். ஓர் இருக்கையில் இருந்தவரின் வேலையில் பாதியை இன்னோர் இருக்கைக்கு மாற்றப்போய், எது எங்கே போயிற்று என்று தெரியாமல் குழம்பிவிட்டார்கள். சுக்கான் வேலை செய்யவில்லை என்று நினைத்தார்கள். இரண்டு உந்திகளில் ஒன்றின் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் வழியில் போய்விட்டது. பயிற்சிக் குறைவு, தூக்கமின்மை எல்லாம் காரணம்தான், திரை மட்டும் காரணமில்லை. ஆனால் 2019-ல் அமெரிக்கக் கடற்படை, அந்த வகைக் கப்பல்களில் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பழையபடி கையால் பிடித்துத் தள்ளும் தண்டுகளை வைக்கப் போவதாக அறிவித்தது. போர்க்கப்பல் வைத்திருப்பவர்களுக்கே தண்டு வேண்டியிருக்கிறது!

கையால் தடவியே கண்டுபிடிக்கும் வித்தை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றில் விழுந்தன. விமானிகளைத் திட்டித் தீர்த்தார்கள். 1943-ல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியல் அறிஞர் விமானத்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். இறக்கை மடலை இழுக்கும் விசையும் சக்கரத்தை மடக்கும் விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. களைத்து வந்த விமானி மடலை இழுப்பதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார். சபானிஸ் என்ன செய்தார் தெரியுமா? சக்கர விசையின் நுனியில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தை மாட்டினார். மடல் விசைக்கு ஆப்பு மாதிரி ஒரு துண்டு. அவ்வளவுதான். தொட்ட உடனே கைக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றைக்கும் பெரிய விமானங்களில் சக்கரத்தை இறக்கும் பிடியின் நுனி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷம். அந்தக் காலத்து விமானத்துக்கு ரப்பர் எந்தக் காட்டிலிருந்து போனதோ.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் நான் மேடைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இந்தத் தொடுதிரைக் கண்ணாடியின்மேல் லேசான மின்புலம் பரவியிருக்கும். நம் விரலில் ஈரமும் உப்பும் இருப்பதால் மின்சாரம் கொஞ்சம் கடக்கும். விரல் பட்ட இடத்தில் அந்த மின்புலம் மாறுவதைக் கொண்டுதான், "இங்கே தொட்டார்" என்று அது அறிந்துகொள்கிறது. அதனால்தான் தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் கேட்காது. தண்ணீர் நின்றால் தப்பாகக் கேட்கும். விரலின் தோல் காய்த்து, காய்ந்து, தடித்துப் போயிருந்தாலும் சரியாகக் கேட்காது. யாருடைய விரல் காய்த்திருக்கும்? உளி பிடித்தவர் விரல். செம்பனைக் குலையை அரிவாளால் அறுத்தவர் விரல். ஸ்பேனர் பிடித்தவர் விரல். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் விரல்!

என் அண்ணன் நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர். வங்கியில் கைரேகை பார்க்கும் கருவியில் அவர் பெருவிரலை வைத்தார். கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு வையுங்கள் என்றார்கள். மறுபடியும் இல்லை. நாலு தடவை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் தன் பெருவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரேகை தேய்ந்துபோய்விட்டது. கடைசியில் அந்தப் பெண் அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை. ஆனால் வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார், "தம்பி, நாப்பது வருசம் வேல செஞ்சதுக்கு, இவன் ஆளே இல்லன்னு சொல்லுது பாத்தியா அந்தப் பொட்டி."

கைரேகைக் கருவி வேறு, தொடுதிரை வேறு. எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் செய்தவன் மனதில் இருந்த விரல் ஒன்றுதான். அது நம்முடைய விரல் இல்லை.

புதியது எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று இரவு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது எது? நானா? அதே காரில் இருந்த இன்னொரு கணினி. ஏ.பி.எஸ். என்று சொல்வார்கள். ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பழைய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஸ்டீரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும். ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவிடாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். அதனால்தான் என்னால் ஒதுங்க முடிந்தது. என் பழைய பெட்போர்டு லோரியாக இருந்திருந்தால், நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. ஆனால் பாருங்கள், ஏ.பி.எஸ். என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்னைப் பார் என்று சொல்லவில்லை. படம் காட்டவில்லை. நான் காலை அமுக்கினேன், அது தன் வேலையைச் செய்தது. காற்றுப்பையும் அப்படித்தான். பின்னால் பார்க்கும் கேமராவும் நல்லதுதான். தாமானில் சின்னப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் விளையாடுகிறார்கள். வண்டி நிற்கும்போது அல்லது ஊர்ந்து போகும்போது திரையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

பின் ஏன் எல்லாவற்றையும் திரைக்குள் போட்டார்கள்? மலிவு. ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் அச்சு, ஒரு விசை, ஒரு வயர் வேண்டும். திரை என்றால் ஒன்றைச் செய்து எல்லா ரகக் காரிலும் மாட்டலாம், உள்ளே இருப்பதை வேண்டும்போது மாற்றலாம். கடையில் பார்க்கும்போது பளபளவென்று இருக்கும், வாங்க வருபவனுக்கும் பிடிக்கும். என் மகனுக்கும் அதுதான் பிடித்தது. கடையில் மழை பெய்வதில்லையே! இது அவ்வளவு புதிய யோசனையும் இல்லை. 1986-லேயே அமெரிக்காவில் பியூக் ரிவியேரா காரில் பச்சை எழுத்துத் தொடுதிரை வைத்தார்கள். ஓட்டுநர்கள் குறைபட்டார்கள், சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள்.

பழுது பார்ப்பதைச் சொன்னால் விடிந்துவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் பட்டணத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு கார் வந்தது. ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் திரை செத்துவிட்டது. திரை செத்தால் ஏர்கோனைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. என் காலத்தில் ஒரு குமிழ் உடைந்தால் குறடால் பிடித்துத் திருகிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவோம். இந்தத் திரையைப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. முழுசாக வாங்கி மாட்டி, பிறகு நிறுவனத்தின் கணினியை வைத்து அந்தக் காருக்கு அறிமுகப்படுத்த வேண்டுமாம். அவர்கள் சொன்ன விலைக்கு என் பழைய காரை விற்றாலும் பணம் போதாது. பையன் தலையில் கை வைத்துக்கொண்டு, "மாமா, எனக்குத் தெரிஞ்ச வேல எதுவும் இதுல இல்ல" என்றான். இருபது வருடம் வேலை தெரிந்தவன் அவன்.

காற்று இப்போது கொஞ்சம் திரும்புகிறது. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு, யூரோ என்கேப் என்று பெயர். 2026 ஜனவரி முதல் அது ஒரு விதி வைத்திருக்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹார்ன், அவசர உதவி அழைப்பு ஆகிய இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தானோ தண்டோ இல்லாவிட்டால் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது கடினம். இது சட்டமில்லை. ஆனால் ஐந்து நட்சத்திரம் இல்லாத காரை விற்பது அங்கே சுலபமில்லை. வோல்ஸ்வேகன் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் 2025-ல், இனி வரும் கார்களில் முக்கியமான வேலைகளுக்குத் திரைக்குக் கீழே பொத்தான்களை மறுபடி வைப்போம் என்றும், முன்பு செய்தது தவறு என்றும் வெளிப்படையாகவே சொன்னார். ஓட்டியவர்கள் வாய்திறந்து குறை சொன்னதால்தான் அவர்கள் திரும்பினார்கள். நாம்தான் கடைக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. காசு கொடுக்கும்போதும் கைகட்டி நிற்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அடுத்த முறை கார் வாங்கப் போகிறவர்கள், மகனோ மகளோ கூட வந்தாலும், நீங்களே ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போட முடிகிறதா, கண்ணாடியின் பனியை நீக்க முடிகிறதா என்று பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் பொறியியல் படிக்கப் போவீர்கள். சென்ற ஆண்டு நம் பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்து காட்டினார்கள், நான் வந்து பார்த்தேன். அது போய் முட்டும்போதெல்லாம் ஒரு பையன் ஓடிப்போய்த் தூக்கி வைத்தான். நல்ல வேடிக்கை. நாளைக்கு நீங்களே காரும் கருவியும் செய்வீர்கள். அப்போது, செய்து முடிக்குமுன்னே, உங்கள் அப்பாவைக் கூட்டிப்போய் அதைத் தொடச் சொல்லுங்கள். பால் வெட்டிய பாட்டியைத் தொடச் சொல்லுங்கள். அவர்கள் கைக்கு அது கேட்கிறதா பாருங்கள். படித்த நண்பர்கள் பத்துப் பேரிடம் மட்டும் காட்டிவிட்டு விற்றுவிடாதீர்கள்.

மணி ஆகிவிட்டது, அம்மா கையைக் காட்டுகிறார். அந்தக் கார் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

சபானிஸ் கதையைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. முன்கண்ணாடிப் புழுப் படம் திரையின் கீழ் ஓரத்தில், எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். அந்தப் படத்துக்கு நேர் கீழே, திரையின் சட்டத்தில் அதைப் பசை போட்டு ஒட்டினேன். கட்டைவிரல் ரப்பரைத் தடவிப் பிடித்துக்கொள்ளும், ஆட்காட்டி விரல் நேராக மேலே போய் விழும். பார்க்க வேண்டியதில்லை. துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலிலேயே இருபது தடவை பழகினேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

தைப்பொங்கலுக்கு மகன் வந்தான். காரைத் திறந்தான், பார்த்தான். "என்னாப்பா இது! தொண்ணூறாயிரம் வெள்ளி கார்ல சைக்கிள் டியூப்பா?" என்று பிய்த்தெடுக்கக் கையைக் கொண்டு போனான். பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "டே, அதுல கைய வச்ச, தெரியும் சேதி" என்றாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். அது இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பரிசு வாங்க வரும் பிள்ளைகளுக்கெல்லாம் என் வாழ்த்து.